வாவியைக் கேட்டவர்கள், வாவியைப் பார்க்க வருபவர்கள்

மட்டக்களப்பு நகரில் எந்தத் தெருவைப் பிடித்து நடந்தாலும் சற்று நேரத்தில் தண்ணீர் வந்து மறிக்கும். பழைய கோட்டையும் பெரிய பாடசாலைகளும் இருக்கிற புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவுதான். அங்கிருந்து எந்தப் பக்கம் போவதென்றாலும் பாலம் ஏற வேண்டும். வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவி, ஊரை இரண்டு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலை ஒட்டி, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. வயலும் காடுமாக, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு வாய் வைக்கிறது. மாரியில் வெள்ளம் ஏறினால் மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். கோடையில் கடல் தானே மணலைக் கொண்டுவந்து வாயை மூடும்.

இந்த வாவியைத் தேடி ஆட்கள் வருவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. அவர்களை நாங்கள் வரவேற்கும் முறைதான் மாறியிருக்கிறது. ஓர் ஊர் தன் இயற்கையை விருந்தாளிக்கு எப்படிக் காட்டுகிறது என்பதை வைத்தே, அதைத் தான் எவ்வளவு மதிக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தக் கண்ணோடு வாவிக்கரையின் அன்றையும் இன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

அன்று: தண்ணீரே றோட்டு

வாவிக்கு வந்த முதல் விருந்தாளிகள் உல்லாசப் பயணிகள் அல்லர், கோயிலுக்குப் போன சனங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கும், மண்டூர் முருகன் தீர்த்தத்திற்கும் எழுவான்கரையிலிருந்து போகிறவர்கள் வாவியைக் கடந்துதான் ஆக வேண்டும். தோணி அல்லது பாதை. வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் விளங்காது. எங்களுக்குப் பாதை என்பது தண்ணீரில் மிதக்கும் தட்டு. வண்டில், சைக்கிள், மாடு, நெல்மூட்டை, மணப்பெண் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு துறையிலிருந்து மறுதுறைக்குப் போய்வரும். மண்முனைத்துறையில் அப்படித்தான் காலங்காலமாகக் கடந்தார்கள். பாதை வரும்வரை துறையடியில் காத்திருப்பதும், வந்ததும் முண்டியடித்து ஏறுவதும், நடு வாவியில் காற்று மாறினால் குழந்தைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும் பயணத்தின் பகுதிகள்.

அந்தக் காத்திருப்பில்தான் சனங்கள் வாவியைப் பார்த்தார்கள். நீர்க்காகம் முங்கி எழும்புவதையும், கொக்குகள் ஆழமில்லாத இடத்தில் வரிசையாக நிற்பதையும், இறால் கூட்டம் போகிறபோது நீரின் மேல் தோல் சிலிர்ப்பதையும் ஒருவரும் சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை. வழிகாட்டி, கட்டணம், அறிவித்தல் பலகை எதுவும் இல்லை. துறையடியில் ஒரு மரநிழல், ஒரு தேத்தண்ணிக் கடை, கரையைத் தெரிந்த ஒரு தோணிக்காரர். அன்றைய வருகையாளர் சேவை முழுவதும் அவ்வளவுதான். அதைச் செய்தவரும் வாவியில் தொழில் செய்து பிழைத்தவரே என்பது அதன் பெரிய பலம். எந்த இடத்தில் சேறு, எங்கே நீரோட்டம் இழுக்கும், முதலை எந்தக் கரையில் படுக்கும் என்பதெல்லாம் அவருக்குப் படித்துத் தெரிந்தவையல்ல.

கோட்டை வாசலில் ஓர் இரவு

வெளியிலிருந்து வந்தவர்களில் வாவியை எழுத்தில் பதிந்தவராகப் பரவலாக அறியப்பட்டவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். அன்றைய இலங்கை ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். 1848 செப்ரெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவிக்குள்ளிருந்து இசை கேட்கிறது என்ற கதையை விசாரித்தார். மீனவர்கள் அது உண்மைதான் என்றார்கள். மழை பெய்து வெள்ளம் வந்தால் கேட்காது, வறண்ட காலத்தில்தான் கேட்கும் என்றார்கள். பாடுவது மீன் அல்ல, ஊரி என்ற ஓட்டுயிர் என்றும் சொன்னார்கள். நிலவு எழும்பிய பிறகு அவர்களோடு படகேறி, கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 200 யார் தூரம் போய் நிறுத்தியதாக அவர் எழுதியிருக்கிறார். காற்று இல்லை. வலிப்பதை நிறுத்தியதும் ஒலி கேட்டது. ஒரே சுரமாக அல்ல, உச்சமும் தாழ்வுமாகப் பல சிறு ஒலிகள். படகின் பலகையில் காதை வைத்தபோது அது பல மடங்கு பெருகியது. 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

அந்த இரவில் நடந்ததைக் கவனியுங்கள். ஆட்சியின் பெரிய அதிகாரி வந்திருக்கிறார். இருந்தும் அவரைக் கூட்டிப்போனவர்கள் மீனவர்கள். இடத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள். எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்ற பருவ அறிவும் அவர்களுடையது. விருந்தாளி செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அமைதியாக இருப்பது.

கல்லடியில் பாட்டுக் கேட்ட பழைய ஆட்கள் சொல்லும் முறையும் இதுதான். பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்துவது, சவளின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்குவது, மறு முனையைக் காதில் வைப்பது. மரம் ஒலியை ஏந்திக்கொண்டு வரும். நிலவுக் காலம், சோளகம் ஓய்ந்த இரவு, அலையில்லாத நீர் மூன்றும் சேர வேண்டும். சேராவிட்டால் வெறுங்காதோடு திரும்ப வேண்டியதுதான். ஒருவரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை. வாவி யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தை வளர்த்தெடுத்த சுவாமி விபுலாநந்தர் இந்த ஒலியை நீரரமகளிர் பாடும் இசையாகக் கண்டு தமிழ் இசை ஆராய்ச்சிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். அவருடைய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. பிறகு 1950களில் மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி ஒலியைப் பதிவு செய்தார். அது பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. அதிகாரி, துறவி, தமிழறிஞர் என்று வெவ்வேறு திசையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இந்த வாவியைக் காது கொடுத்தே அறிந்தார்கள். மீன்பாடும் தேன்நாடு என்று இந்த மண்ணுக்குப் பெயர் நிலைத்ததும் அதனால்தான்.

வெளிச்சவீடும் பூங்காவும்

கேட்பதற்குக் கல்லடி என்றால், பார்ப்பதற்கு முகத்துவாரம். பார் வீதி வழியாகப் போனால் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. உயரம் 28 மீற்றர். கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டிய கோபுரம், காலப்போக்கில் நகரத்துச் சனங்கள் விடுமுறையில் சைக்கிள் மிதித்துப் போகும் இடமானது. கட்டுச்சோறு, கடற்காற்று, கண்டல் காட்டின் ஓரம் என்று பொழுது போகும். நகருக்குள்ளே, 1814இல் வில்லியம் ஓல்ட் போதகர் வந்து இறங்கியதை நினைவூட்டும் வாயிலும், அதை ஒட்டிய காந்தி பூங்காவும் மாலைப்பொழுதுக்கான இடங்கள். 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையாக உயர்ந்தது. அதன் பிறகு வாவிக்கரையைப் பராமரிப்பது நகரத்தின் கடமைகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

கண்டல் காடு அப்போது யாருக்கும் காட்சிப்பொருள் அல்ல. விறகு, வேலிக்கம்பு, மீன் ஒதுங்கும் நிழல் எல்லாம் அதுவே. கண்டல் காய் முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, பழுத்ததும் கூர்முனை கீழாக விழுந்து சேற்றில் குத்தி நின்றுகொள்ளும். சேறு கிடைக்காவிட்டால் மிதந்துபோய் வேறு கரையில் வேரூன்றும். தாங்கு வேர்களுக்கு இடையில் சின்ன இறாலும் நண்டும் ஒளிந்து வளரும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரியும் என்பது கரையோரப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் எச்சரிக்கை. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்து சேருவதற்கு முன்பே வாவிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தவை.

இடையில் பறிபோன காலம்

அன்றையும் இன்றையும் மட்டும் எழுதி நடுவில் இருந்ததை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும். 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு வீசிய சூறாவளி இந்தக் கரையின் தென்னைகளையும் பெருமரங்களையும் கூட்டி அள்ளியது. நிழல் திரும்புவதற்குள் யுத்தம் வந்தது.

யுத்தத்தில் வாவி எல்லைக்கோடானது. பாலங்கள் சோதனைச் சாவடிகளாயின. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வேறொரு கட்டுப்பாடு. 2007 வரை நகரத்துக்கும் படுவான்கரைக்கும் இடையே போய்வருவதென்றால் அடையாள அட்டையும் பையும் திறந்து காட்ட வேண்டும். இரவில் மீன்பிடிக்கத் தடை. தோணியில் விளக்கு எரிந்தாலும் பயம், எரியாவிட்டாலும் பயம். ஒளிந்திருக்க இடம் கொடுக்கும் என்ற காரணத்துக்காகக் கரையோரக் கண்டல் வெட்டப்பட்டது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையிலும், 1991 ஜூனில் அதே அயலிலும் சாதாரண சனங்கள் கொல்லப்பட்டார்கள். வாவிக்கரைக்கு இன்று வருகிறவர்களுக்கு இந்த அழகு மட்டும் தெரிந்தால் போதாது. இந்தத் தண்ணீருக்கு அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதும் இடத்தின் வரலாறு.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி ஏறத்தாழ முழுதாகவே அழிந்தது. தப்பியவர்கள் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரம் அன்றைய அலையின் சாட்சியாகச் சனங்கள் காட்டும் இடமானது. முப்பது வருடத்துக்குக் கிட்ட, இந்த ஊரில் ஒரு தலைமுறை வாவிக்கரையில் பயமில்லாமல் மாலைப்பொழுதில் உட்கார்ந்ததே இல்லை.

இன்று: பாலங்களும் படகுகளும்

அதனால்தான் இன்று காந்தி பூங்காவில் இருட்டிய பிறகும் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களைக் காணும்போது, அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பெண்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். கச்சான் விற்கிறவர் வருகிறார். வாவிக்காற்றில் ஐஸ்கிறீம் உருகுவதற்குள் தின்னச் சொல்லித் தாய்மார் விரட்டுகிறார்கள். 2012 ஏப்ரலில் நகரத்தில் காந்தி, பேடன் பவல், விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளை ஓர் இரவில் யாரோ உடைத்தார்கள். ஊர் அவற்றைத் திரும்ப எழுப்பியது. பயமில்லாமல் உட்காரக்கூடிய ஒரு கரையை நகரம் மீட்டெடுத்திருக்கிறது. அது பெரிய காரியம்.

பாலங்களும் மாறின. பிரித்தானிய ஆட்சியின் பெரிய கட்டுமானங்களில் ஒன்றான மானிங் சீமாட்டி பாலம், எங்களுக்குக் கல்லடிப் பாலம், 1920களிலிருந்து ஒற்றை வழியாக எல்லா வாகனங்களையும் தாங்கியது. ஒரு பக்கம் பஸ் வந்தால் மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். 2013 மார்ச்சில் யப்பான் உதவியோடு பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். பழைய இரும்புப் பாலம் அதன் அருகிலேயே நிற்கிறது. மாலையில் நடக்கிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் அதில் கூடுவார்கள். அடுத்த வருடம், 2014 ஏப்ரலில், மண்முனைப் பாலமும் திறக்க, மண்முனைத்துறைப் பாதை ஓய்ந்தது. கர்ப்பிணியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பாதைக்காகக் காத்திருந்த ஊர்களுக்கு அந்தப் பாலத்தின் அருமை தெரியும். பழையதை நினைத்து ஏங்குகிற எவரும் அந்தக் காத்திருப்பைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் இன்று படகுச் சவாரிக்கான இடம். இயந்திரப் படகில் ஏற்றி, கண்டல் காட்டு வாய்க்கால்களுக்குள் கூட்டிப் போகிறார்கள். வெளியே வெயில் சுட்டெரிக்கும்போது கிளைகள் மேலே கவிந்த அந்த வாய்க்காலுக்குள் நுழைந்ததும் காற்றின் வெக்கை தணியும். சேற்றின் உப்பு மணம் மூக்கில் ஏறும். வேர்களில் சிறு நண்டுகள் படகின் சத்தம் கேட்டதும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடும். மீன்கொத்தி ஒன்று நீல வரியாகப் பறக்கும். பிள்ளைகள் கத்துவார்கள். படகுக்காரர் நல்லவராக இருந்தால் இயந்திரத்தை நிறுத்துவார். பெரும்பாலும் நிறுத்த முடியாது. அடுத்த சவாரிக்குச் சனம் காத்து நிற்கிறது, எண்ணெய் விலை கூடியிருக்கிறது, நாளின் வருமானம் சுற்றுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

இந்த வருமானமும் நிச்சயமானதல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு உல்லாசப் பயணிகள் வரவு நின்றது. 2020இல் கொரோனா. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை. ஒவ்வொரு முறையும் முதலில் வெறுமையாவது வாவிக்கரைப் படகுத்துறை, கடைசியாக நிறைவதும் அதுதான்.

கிடைத்தது என்ன, போனது என்ன

நியாயமாகச் சொன்னால், வருகிறவருக்கு அன்று கிடைக்காத பல வசதிகள் இன்று இருக்கின்றன. போக வரப் பாலம், இருக்க வாங்கு, இரவில் வெளிச்சம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், படகில் உயிர்காப்பு அங்கி. அன்று வாவியைப் பார்க்க ஆணாகப் பிறந்திருக்க வேண்டும், அல்லது கோயில் திருவிழா வர வேண்டும். இன்று ஒரு பெண் தனியாக வந்து வாவிக்கரையில் நடந்துவிட்டுப் போகலாம். அதுவே மாற்றத்தின் சிறந்த பக்கம்.

ஆனால் இந்த வசதிகள் எல்லாம் வாவிக்கு முதுகைக் காட்டி அமைந்திருக்கின்றன. சீமெந்துக் கட்டும் கல் பதித்த நடைபாதையும் கரையின் விளிம்புவரை வந்துவிட்டன. கண்டல் முளைக்கச் சேறு வேண்டும், சேற்றுக்கு இடம் வேண்டும். கல்லுக்கட்டுக்கு வெளியே சேறு நிலைக்காது. பாடும் மீனின் பெயரையும் உருவத்தையும் ஊர் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறது. பாட்டைக் கேட்க வழி வைக்கவில்லை. கல்லடியில் இரவு முழுக்க வாகன இரைச்சல், பாலத்தில் விளக்கு. மீன் பாட்டு எங்கே கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டு வருகிறவருக்கு வயதான தோணிக்காரர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கேக்கிறதெண்டா இஞ்சின நிப்பாட்டோணும் தம்பி. எல்லாரும் நிப்பாட்டோணும்."

தண்ணீரும் மாறியிருக்கிறது. நன்னீர் வரும் பக்கங்களில் ஆற்றுவாழை படர்ந்து தோணி போக வழியில்லாமல் அடைக்கிறது. அதை வாரி எடுப்பதும், அடுத்த மாரிக்குப் பிறகு அது திரும்ப வருவதும் ஆண்டுக் கணக்காக நடக்கும் போராட்டம். வடிகால் வழியாக நகரத்தின் அழுக்கு வந்து சேர்கிறது. வாவி ஆழமில்லாதது. மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ நான்கு மீற்றர்தான். முகத்துவாரம் மூடிக் கிடக்கும் மாதங்களில் உள்ளே வந்த அழுக்கு உள்ளேயே நிற்கும். மாலைப்பொழுதைக் கழிக்க வந்தவர் விட்டெறிந்த லஞ்ச் சீற்றும் பிளாஸ்டிக் போத்தலும் காற்றில் போய்க் கண்டல் வேர்களில் சிக்கும். அங்கிருந்து அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். கரையை மண் போட்டு நிரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்ப்பது நகரத்திலும் நடக்கிறது, படுவான்கரையிலும் நடக்கிறது. வாவி சுருங்குவது ஒரு நாளில் கண்ணுக்குத் தெரிகிற காரியம் அல்ல. மீனவரின் வலைக்குத்தான் முதலில் தெரியும்.

வெட்டிய கண்டலைத் திரும்ப வளர்க்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. சுனாமிக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகளும் மீனவர் சங்கங்களும் கரையோரத்தில் நாற்று நட்டார்கள். 2015இல் இலங்கை அரசு, சுதீச என்ற உள்நாட்டு அமைப்பும் சீக்கோலஜி என்ற வெளிநாட்டு அமைப்பும் துணைநிற்க, நாட்டின் கண்டல் காடுகள் முழுவதையும் காப்பதாக அறிவித்தது. கரையோரப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து, பதிலுக்குக் காட்டைக் கவனித்துக்கொள்ளச் சொன்ன திட்டம் அது. காட்டைக் காப்பவர் காட்டை அண்டி வாழ்பவரே என்பது அதில் இருந்த நல்ல யோசனை.

கொழும்பு செய்ததும் நாங்கள் செய்யக்கூடியதும்

கொழும்பை ஒட்டிய கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா 2016இல் திறந்தது. நகர அபிவிருத்தி அதிகாரசபை நடத்துகிறது. சதுப்பின் மேலாக மரத்தாலான நடைபாதை, பறவை பார்க்க மறைவிடம், நுழைவுச் சீட்டு. அங்கே கரையைக் கல்லுக்கட்டால் அடைக்கவில்லை. ஆளைத் தூக்கிச் சேற்றுக்கு மேலே நடக்க வைத்தார்கள், சேற்றைத் தொடவில்லை. 2018இல் ராம்சார் உடன்படிக்கை உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற தகுதியைக் கொடுத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. அதே உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் ஆறு ஈரநிலங்கள் பதிவாகியுள்ளன. மட்டக்களப்பு வாவி அந்தப் பட்டியலில் இல்லை. புளியந்தீவையே தன் நடுவில் வைத்திருக்கும் வாவிக்கு அதில் ஓர் இடத்தைக் கேட்டு வாங்குவதற்கு எங்களுக்கு வாய் இருக்க வேண்டும்.

மாநகர சபையால் இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள் உண்டு. அவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

முதலாவது, கண்டல் வாய்க்கால் சவாரி. இயந்திரப் படகுகள் வாய்க்காலின் வாய்வரை போகட்டும். உள்ளே சவள் வலிக்கும் தோணிகள் மட்டும். ஒரு சுற்றுக்கு நேரம் கூடும், கட்டணமும் கூடும். ஆனால் கூடும் கட்டணம் மீனவர் கைக்குப் போகும், சத்தமும் எண்ணெயும் காட்டுக்குள் போகாது. வெளியூர்க்காரர் மட்டுமல்ல, எங்கள் பிள்ளைகளும் அந்தக் காட்டை அதன் சொந்தச் சத்தத்தோடு பார்ப்பார்கள்.

இரண்டாவது, பாட்டு. லாங் அடிகளார் 1950களில் செய்ததை இன்று அதைவிட எளிதாகச் செய்யலாம். கல்லடிப் பழைய பாலத்தடியில் நீருக்குள் ஓர் ஒலிவாங்கியை நிலையாக இறக்கி, பாலத்தின் மேல் நின்று காதில் வைத்துக் கேட்க வசதி செய்யலாம். நிலவுக் காலத்தில் சில இரவுகள் மட்டும் பாலத்தடி விளக்குகளைத் தணித்து, படகு இயந்திரங்களுக்குத் தடை போடலாம். கேட்காமல் போகும் இரவுகளும் இருக்கும். அதையும் சொல்லியே அழைக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பதியும் ஒலியை வைத்து, பாடுவது மீனா ஊரியா என்ற பழைய கேள்விக்கு எங்கள் மாணவர்களே பதில் தேடட்டும்.

மூன்றாவது, வழிகாட்டிகள். வாவியில் வலை வீசியவர்களுக்கும் கரையோரப் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, சபையின் அடையாள அட்டையோடு வேலைக்கு எடுக்க வேண்டும். பறவையின் பெயரை மூன்று மொழியிலும் சொல்லப் பழக்கலாம். வாவியைப் பற்றி அவர்களுக்குப் பழக்க ஒன்றும் இல்லை. மகிழடித்தீவின் கதையையும் நாவலடியின் கதையையும் அவர்கள் வாயால் சொல்லும்போதுதான் அது கதையாக இல்லாமல் உண்மையாக இருக்கும்.

நான்காவது, சின்னச் சின்னத் தேவைகள். வருகிறவர் முதலில் தேடுவது மலசலகூடம். அது சுத்தமாக இருந்தால் பெண்கள் இன்னும் ஒரு மணிநேரம் கூடுதலாக இருப்பார்கள். குடிதண்ணீர்க் குழாய் வைத்தால் பிளாஸ்டிக் போத்தல் குறையும். முதலை இருக்கும் கரைகளில் பெரிய எழுத்தில் பலகை வேண்டும். குளிக்க இறங்கிய பிறகு எச்சரிப்பதில் பயனில்லை. கண்டல் ஓரத்தில் கடை போட அனுமதி கொடுக்காமல், கடைகளை வீதிப்பக்கம் ஒதுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பொலித்தீனுக்குப் பதில் வாழையிலை, தேக்கிலை. அது எங்கள் வீட்டுப் பழக்கம்தானே.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எல்லை வேண்டும். வாவியின் கரை எது என்று வரைபடத்தில் குறித்து, கல் நட்டு, அதற்கு உள்ளே நிரப்புவதையும் கட்டுவதையும் சபை தானும் செய்யாது, பிறரையும் செய்ய விடாது என்று தீர்மானம் எடுக்க வேண்டும். நுழைவுச் சீட்டிலும் படகுக் கட்டணத்திலும் வரும் பணத்தில் ஒரு பங்கை ஆற்றுவாழை அகற்றவும் கண்டல் நடவும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். வாவியால் வரும் காசு வாவிக்கே முதலில் போக வேண்டும்.

அன்றைய தோணிக்காரர் விருந்தாளிக்குக் கொடுத்த சேவை எளிமையானது. இடத்தைக் கெடுக்காமல் அதற்குள் கூட்டிப் போனார், பேசாமல் இருக்கக் கற்றுக் கொடுத்தார், பத்திரமாகக் கரை சேர்த்தார். இன்று நகரத்திடம் பாலமும் விளக்கும் பணமும் திட்டமும் இருக்கின்றன. அந்த மூன்று கடமையும் இன்னும் அப்படியே இருக்கின்றன. யுத்தத்தையும் சுனாமியையும் தாண்டி வந்த ஒரு கரையை வாங்குகளாலும் வளைவுகளாலும் அலங்கரிப்பது போதாது. வரவு செலவுத் திட்டம் வைக்கும்போது பூங்காவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாவிக்கு எவ்வளவு என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். மட்டக்களப்பில் வாக்குப் போடும் நாங்கள் அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கப் பழக வேண்டும்.